திரும்பி வர வழி இருக்கிறதா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் மணி 12.09. உங்களில் பலர் அப்போது பள்ளி உணவகத்தில் வரிசையில் நின்றிருப்பீர்கள். அதே நேரத்தில் கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருள் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை இணையம் வழியாக அனுப்பியது. அந்தக் கோப்பைப் பெற்ற கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன.

சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணப் பதிவைக் கணினியில் செய்ய முடியவில்லை. ஊழியர்கள் கைமுறையாகச் செய்தார்கள். வரிசைகள் நீண்டன. இந்தியாவில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கப்பட்டது. உலகெங்கும் மருத்துவமனைகள், வங்கிகள், தொலைக்காட்சி நிலையங்கள் எனப் பல இடங்களில் வேலை நின்றது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. தவற்றை உணர்ந்த அந்த நிறுவனம், பிற்பகல் 1.27 மணிக்கே அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் கழிந்தது 78 நிமிடங்கள்தான். அப்படியானால் 1.28க்கு எல்லாக் கணினிகளும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டுமே? திரும்பவில்லை. பல இடங்களில் நாள்கணக்கில் ஆயிற்று.

ஒரு கணினியைப் புதிய நிலைக்குக் கொண்டுபோவது ஏன் எளிது? பழைய நிலைக்குத் திரும்புவது ஏன் கடினம்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். உங்கள் கைப்பேசியிலும் பள்ளி மடிக்கணினியிலும் 'புதுப்பிக்கவா?' என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்தப் பாடம் உங்களுக்குப் பயன்படும்.

இயங்குதளம்: கணினியின் கட்டுப்பாட்டுக் கோபுரம்

சாங்கியில் எந்த விமானம் எப்போது எந்த ஓடுபாதையில் இறங்கலாம் என்பதைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் முடிவு செய்கிறது. விமானிகள் தங்கள் விருப்பப்படி இறங்க முடியாது. கணினியில் இந்த வேலையைச் செய்வது இயங்குதளம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், குரோம் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை இயங்குதளங்கள். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், யார் திரையில் எழுதலாம், யார் கோப்புகளைத் திறக்கலாம் என்பதையெல்லாம் இயங்குதளம் தீர்மானிக்கிறது.

இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கணினியில் எதையும் தொடும் உரிமை அதற்கு உண்டு. மற்றச் செயலிகள் கெர்னலிடம் கேட்டுத்தான் எதையும் பெற முடியும்.

விமான நிலையத்தின் கடை ஒன்றில் மின்விளக்கு அணைந்தால் அந்தக் கடை மட்டும்தான் பாதிக்கப்படும், விமானங்கள் பறந்துகொண்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கோளாறு ஏற்பட்டால் எல்லாமே நிற்கும். கணினியிலும் அப்படித்தான். ஒரு விளையாட்டுச் செயலி செயலிழந்தால் இயங்குதளம் அதை மட்டும் மூடிவிடும். கெர்னலுக்குள் பெரிய பிழை நேர்ந்தாலோ, கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தவறான நிலையில் தொடர்ந்து ஓடி உங்கள் கோப்புகளைக் கெடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. விண்டோசின் நீலத் திரைக்குப் பொருள் அதுதான்.

கிருமிகளையும் ஊடுருவல்களையும் தேடும் பாதுகாப்பு மென்பொருள்கள் கணினியின் ஆழம்வரை பார்க்க வேண்டியிருப்பதால், அவற்றின் ஒரு பகுதி கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. கிரவுட்ஸ்டிரைக் மென்பொருளும் அப்படிப்பட்டதுதான். அன்று வந்தது விண்டோசின் புதிய பதிப்பு அன்று, அந்தப் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு தரவுக் கோப்புதான். ஆனால் அது பயன்படுத்தப்பட்ட இடம் கட்டுப்பாட்டுக் கோபுரம்.

20 அலமாரிகள், 21ஆம் எண்

அந்தக் கோப்பின் வரிசை எண் 291. அதைப் படிக்கும் நிரலுக்கு 20 மதிப்புகள் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. புதிய கோப்போ 21ஆவது மதிப்பையும் பார்க்கச் சொன்னது.

உங்கள் பள்ளியில் 20 பெட்டகங்கள் மட்டும் இருக்கும்போது, '21ஆம் பெட்டகத்தைத் திற' என்று உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? 'அப்படி ஒன்று இல்லையே' என்று திரும்பி வந்துவிடுவீர்கள். கணினிக்கு அந்தப் பொது அறிவு கிடையாது. 'எண் 20ஐத் தாண்டுகிறதா?' என்று சரிபார்க்கும் வரி நிரலில் இருந்தால்தான் அது சரிபார்க்கும். அந்தச் சரிபார்ப்பு அங்கே இல்லை. நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைப் படிக்கப் போனது. உடனே கெர்னல் நின்றது.

சரி, கணினியை மறுபடி தொடங்கினால்? தொடங்கும்போதே பாதுகாப்பு மென்பொருளும் தொடங்கும். அதே 291ஆம் கோப்பைப் படிக்கும். மறுபடி நீலத் திரை வரும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது நம் புதிருக்கு விடை கிடைக்கிறது. திருத்தப்பட்ட கோப்பு 1.27 முதல் இணையத்தில் காத்திருந்தது. அதைப் பெற வேண்டுமானால் கணினி தொடங்க வேண்டும், இணையத்தோடு இணைய வேண்டும், பதிவிறக்கம் செய்ய வேண்டும். கணினியோ அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. மருந்து மருந்துக்கடையில் தயாராக இருக்கிறது, ஆனால் நோயாளியால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை!

ஒருசில கணினிகள் பலமுறை மறுதொடக்கம் செய்தபின் சரியாயின. அது ஓர் ஓட்டப்பந்தயம். பிழை வருவதற்குள் இணைய இணைப்பு முந்திக்கொண்டு புதிய கோப்பைக் கொண்டுவந்துவிட்டால் கணினி பிழைத்தது. மேகக் கணினிகள் சிலவற்றுக்கு 15 முறைவரை மறுதொடக்கம் தேவைப்படலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

மற்றக் கணினிகளுக்கு மனிதர்தான் நேரில் போக வேண்டியிருந்தது. மிகத் தேவையானவற்றை மட்டும் கொண்டு கணினியைத் தொடங்கும் 'சேஃப் மோட்' வழியாக உள்ளே போய், அந்தக் கோப்பைத் தேடி அழித்து, மறுபடி தொடங்க வேண்டும். பல அலுவலகக் கணினிகளின் சேமிப்பகம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைத் தட்ட வேண்டும். அந்த எண்ணை எங்கே எழுதி வைத்தோம் என்று தேட வேண்டும்!

பாதிக்கப்பட்ட கணினிகள் ஏறத்தாழ 8.5 மில்லியன் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு கணினியைச் சரிசெய்ய 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 8.5 மில்லியன் கணினிகளுக்கு 85 மில்லியன் நிமிடங்கள். ஒரே மனிதர் தூங்காமல் செய்தால் ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆகும். கெடுதல் இணையம் வழியே ஒரே நேரத்தில் பரவியது, திருத்தமோ ஒவ்வொரு கணினியாக நடந்துபோனது. ஜூலை 25ஆம் தேதிக்குள் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானவை மீண்டுவிட்டன என்றால், எத்தனை ஆயிரம் கைகள் உழைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பனிக்கட்டியா, முட்டையா?

இது பழுதான ஒரு கோப்பின் கதை. எந்தப் பழுதும் இல்லாத நல்ல புதிய பதிப்பை நிறுவிவிட்டு, 'எனக்குப் பழையதே பிடித்திருந்தது' என்று திரும்ப நினைத்தால் என்ன ஆகும்?

அறிவியல் வகுப்பில் மீளும் மாற்றம், மீளா மாற்றம் என்று படித்திருப்பீர்கள். பனிக்கட்டி உருகினால் மறுபடி உறைய வைக்கலாம். காப்பிக் கடையில் காயா ரொட்டியோடு தரும் அரைவேக்காட்டு முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியாது.

கணினியில் இரண்டுமே உண்டு. விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11க்கு மாறும்போது, பழைய இயங்குதளம் உடனே அழிக்கப்படுவதில்லை. ஒரு தனிக் கோப்புறையில் சுருட்டி வைக்கப்படுகிறது. வழக்கமாக 10 நாள்களுக்குள் மனம் மாறினால், அமைப்புகளுக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்திப் பழையதற்குத் திரும்பலாம். இது பனிக்கட்டி. ஆனால் இடையில் புதிதாக நிறுவிய செயலிகளும் மாற்றிய அமைப்புகளும் போய்விடும். 10 நாள் கழிந்தால் இடத்தை மிச்சப்படுத்த அந்தப் பழைய கோப்புறை அழிக்கப்படும். அதன்பின் திரும்ப வேண்டுமானால், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பழைய பதிப்பைப் புதிதாக நிறுவ வேண்டியதுதான்.

முட்டை எங்கே இருக்கிறது? உங்கள் தரவில் இருக்கிறது. ஒரு குறிப்பேட்டுச் செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் 5ஆம் பதிப்பு உங்கள் குறிப்புகளை ஒரு முறையில் அடுக்கி வைக்கிறது. 6ஆம் பதிப்பு வந்ததும் அவற்றையெல்லாம் புதிய முறைக்கு மாற்றி அடுக்குகிறது. புதிய பதிப்பை எழுதியவர்களுக்குப் பழைய முறை தெரியும், அதனால் மாற்றுவது எளிது. இப்போது நீங்கள் 5ஆம் பதிப்புக்குத் திரும்பினால்? அது எழுதப்பட்ட நாளில் 6ஆம் பதிப்பு பிறக்கவே இல்லை. தனக்குப் பின்னால் வரப்போகும் அடுக்குமுறையை அது எப்படி அறியும்? குறிப்புகள் அழியாமல் அங்கேயே இருக்கும், ஆனால் படிக்க ஆள் இருக்காது.

இயங்குதளம் திரும்பிவிட்டது என்பதாலேயே உங்கள் தரவும் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

வேண்டுமென்றே பூட்டிய கதவு

சில கருவிகளில் திரும்பும் வழி வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கும். ஐபோனில் பழைய ஐஓஎஸ் பதிப்பை நிறுவ ஆப்பிள் நிறுவனத்தின் மின்னிலக்கக் கையொப்பம் தேவை. புதிய பதிப்பு வந்து சில காலத்தில் பழையதற்குக் கையொப்பம் தருவதை ஆப்பிள் நிறுத்திவிடும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'இந்த எண்ணுக்குக் கீழான பதிப்பை ஏற்காதே' என்று ஒரு எண்ணிக்கை பதிந்திருக்கும். அது ஏறுமே தவிர இறங்காது.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு வெளியாகும்போது, பழைய பதிப்பில் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. திருடன் உங்கள் கருவியைப் பழைய பதிப்புக்கு இறக்கிவிட்டால் அந்த ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும்.

பழையதிலேயே நின்றுவிடுவதிலும் ஆபத்து உண்டு. 2017 மார்ச் மாதத்தில் விண்டோசின் ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள்கூடத் தப்பவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பே கிடைத்த புதுப்பிப்பை நிறுவியிருந்தவர்களை அது அந்த வழியாகத் தொட முடியவில்லை.

ஆகவே 'புதுப்பிக்காமலே இருப்போம்' என்பது விடையாகாது. 'வந்ததையெல்லாம் அந்த நொடியே நிறுவுவோம்' என்பதும் விடையாகாது. முன்னே போக வேண்டும், ஆனால் போகும் முன்பே திரும்பும் வழியைக் கட்டி வைக்க வேண்டும்.

இரண்டு அறைகள் உள்ள வீடு

இந்தக் கருத்தை அழகாகச் செயல்படுத்தும் ஒரு முறை உங்களில் பலரின் கையிலேயே இருக்கிறது. கல்வி அமைச்சின் திட்டப்படி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 2021இன் முடிவுக்குள் தனிப்பட்ட கற்றல் கருவிகள் கிடைத்தன. உங்களுடைய கருவி குரோம்புக் என்றால், அதற்குள் இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள் உள்ளன. அவற்றை 'அ', 'ஆ' என்று அழைப்போம்.

நீங்கள் 'அ' அறையில் உள்ள இயங்குதளத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். புதிய பதிப்பு வருகிறது. கணினி அதை 'ஆ' அறையில் சத்தமில்லாமல் நிறுவுகிறது. உங்கள் வேலை நிற்பதில்லை. அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது 'ஆ' அறைக்கு வாய்ப்பு தரப்படுகிறது. அது நன்றாகத் தொடங்கினால் 'வெற்றி' என்று குறித்துக்கொள்ளும். சில முறை முயன்றும் தொடங்கவில்லை என்றால், கணினி யாரையும் கேட்காமல் 'அ' அறைக்கே திரும்பிவிடும். அங்கே பழைய பதிப்பு கைபடாமல் இருக்கிறது. உங்கள் சொந்தக் கோப்புகள் இந்த இரண்டு அறைகளிலும் சேராத தனி இடத்தில் இருக்கும்.

ஆண்ட்ராய்டிலும் 2016இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து இந்த இரட்டை அறை முறை உண்டு, ஆனால் எல்லாக் கைப்பேசி நிறுவனங்களும் அதை உடனே பயன்படுத்தவில்லை. காரணம் எளியது. ஒரே இயங்குதளத்துக்கு இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். திரும்பும் வழிக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை இங்கே சேமிப்பிடம்.

இந்த முறையின் நுட்பம் எங்கே என்று கவனித்தீர்களா? எந்த அறைக்குப் போவது என்று முடிவு செய்வது, இரண்டு அறைகளுக்கும் வெளியே உள்ள ஒரு சிறிய தொடக்க நிரல். புதிய பதிப்பு எவ்வளவு மோசமாக விழுந்தாலும் அந்த நிரல் விழாது. ஜூலை 19 அன்று 291ஆம் கோப்பு விழுந்தபோது, 'முந்தைய நல்ல கோப்புக்குத் திரும்பு' என்று சொல்ல அப்படி நிமிர்ந்து நிற்கும் ஒன்று இல்லை. காப்பாற்ற வேண்டியவர் விழுந்தவரோடு சேர்ந்து விழக்கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. புதியதை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு, கடைசியில் அனைவருக்கும் என்று படிப்படியாக அனுப்பலாம். முதல் படியில் தவறு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த நிகழ்வுக்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பப் போவதாக அறிவித்தது.

பொத்தானை அழுத்தும் முன்

1. உங்கள் தரவின் ஒரு நகல் இந்தக் கருவிக்கு வெளியே இருக்கிறதா? அதே கருவியில் வைத்த நகல் கருவியோடு சேர்ந்து போய்விடும்.

2. அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்த்தீர்களா? திறந்து பார்க்காத காப்புநகலை நம்பக்கூடாது.

3. திரும்ப முடியுமா, எத்தனை நாளுக்குள், எது போய்விடும் என்று முன்பே படித்தீர்களா?

4. நாளைக்குத் தேர்வோ படைப்போ இருக்கிறதா? அப்படியானால் பெரிய பதிப்பு மாற்றம் வார இறுதிவரை காத்திருக்கட்டும். சிறிய பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

5. கருவி பள்ளியின் நிர்வாகத்தில் உள்ளதா? அப்படியானால் பதிப்பை நீங்களாக மாற்ற முயலாதீர்கள். உங்கள் பள்ளியின் தொழில்நுட்ப உதவியாளரிடம் கேளுங்கள்.

செய்து பார்ப்போம்

கூகல் டாக்ஸில் ஒரு புதிய ஆவணம் திறந்து ஒரு பத்தி எழுதுங்கள். சில நிமிடம் கழித்து அதை முழுவதும் மாற்றுங்கள். இப்போது 'பதிப்பு வரலாறு' பகுதிக்குப் போய்ப் பழைய பத்தியை மீட்டெடுங்கள். பிறகு மறுபடி வரலாற்றைப் பாருங்கள். நீங்கள் மாற்றி எழுதிய பத்தி அழிந்துவிட்டதா? இல்லை, அதுவும் பட்டியலில் இருக்கும். பழையதற்குத் திரும்பியதுகூட ஒரு புதிய பதிப்பாகவே பதிவாகியிருக்கும். எதையும் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போவதால்தான் இங்கே முன்னும் பின்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் போக முடிகிறது.

மறுபடி சாங்கிக்கு

கடைசியாக ஒன்று. அன்று சாங்கியில் கணினி நின்றபோது ஊழியர்கள் கைமுறைக்கு மாறினார்கள் அல்லவா? அதுவும் ஒரு பழைய பதிப்புதான். கணினிகள் வருவதற்கு முன் பயணப் பதிவு அப்படித்தான் நடந்தது. அந்த முறை மெதுவானது, களைப்பூட்டுவது. ஆனால் அது அடியோடு தூக்கி எறியப்படாமல் இருந்ததால், கணினி விழுந்த பிறகும் பயணிகளைப் பதிவு செய்ய முடிந்தது. கணினி மீண்டதும் எல்லாரும் புதிய முறைக்குத் திரும்பினார்கள்.

அடுத்த முறை உங்கள் திரையில் 'புதுப்பிக்கவா?' என்று கேட்டால், உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'திரும்பி வர வழி இருக்கிறதா?' விடை 'ஆம்' என்றால் தைரியமாக அழுத்துங்கள். 'இல்லை' என்றால் முதலில் அந்த வழியை உண்டாக்குங்கள், பிறகு அழுத்துங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. தவறான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும் கணினிகள் ஏன் தாமாக மீளவில்லை? மூன்று வரிகளில் விளக்குங்கள்.

2. ஒரு கணினியைச் சரிசெய்ய 15 நிமிடம் ஆகும். ஓர் அலுவலகத்தில் 240 கணினிகள், 6 ஊழியர்கள். எல்லாம் சரியாக எத்தனை மணி நேரம் ஆகும்?

3. இரட்டை அறை முறையில், எந்த அறையைத் தொடங்குவது என்று முடிவு செய்யும் நிரல் 'ஆ' அறைக்குள்ளேயே இருந்தால் என்ன சிக்கல் வரும்?

4. உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் கணினி நின்றாலும் நடக்கக்கூடிய ஒரு வேலையையும், நடக்கவே முடியாத ஒரு வேலையையும் கண்டுபிடியுங்கள். இரண்டாவதற்கு என்ன மாற்று வழி வைக்கலாம்?